தோவாளை பூ விலைப் பலகை: சர்வீஸ் எழுகிறது, ஒன்றரை நிமிடத்தில் டைம்அவுட் ஆகி விழுகிறது

பிச்சிவெள்ளை:
எல்லாருக்கும் வணக்கம். தோவாளை பூச்சந்தையில் ஒரு கமிஷன் கடையின் விலைப் பலகையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பெரிய சர்வர் எல்லாம் கிடையாது, கடைப் பின்னறையில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப், அதில் டெபியன் லினக்ஸ். முன்னால் வெப்சர்வராக என்ஜின்எக்ஸ், பின்னால் ஜாங்கோவில் ஒரு சின்ன பைத்தான் ஆப், அதை ஓட்டுவது ஜியூனிகார்ன், டேட்டாபேஸ் மரியாடிபி. விடியும் முன்னே பிச்சி என்ன விலை, மல்லி என்ன விலை, அரளி, சம்பங்கி, கேந்தி என்று பையன்கள் போனில் ஏற்றுவார்கள். அது கடைச் சுவரில் இருக்கும் டிவியிலும் வரும், மார்த்தாண்டம், திருவனந்தபுரம் வியாபாரிகள் வண்டி எடுக்கும் முன் அவர்கள் போனிலும் பார்ப்பார்கள்.

இப்போது என்ன ஆகிறது என்றால், ஆப் சர்வீஸ் எழுந்து ஒன்றரை நிமிடம் போல நன்றாக ஓடுகிறது, பக்கம் திறக்கிறது, விலை ஏறுகிறது, அப்புறம் தானாகவே விழுந்து மறுபடி எழுகிறது. விழுந்த நேரத்தில் பக்கத்தைத் திறந்தால் 502 பேட் கேட்வே. நாள் முழுக்க இதே கூத்து. அதே கம்ப்யூட்டரில் டெர்மினலைத் திறந்து கையால் ஓட்டினால் விழவே இல்லை. சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் சொல்வது கீழே. போனில் தமிழில் பார்த்துப் பார்த்து அடிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூவிலை.சர்வீஸ்: ஸ்டார்ட் ஆபரேஷன் டைம்டு அவுட். டெர்மினேட்டிங்.
ஹேண்ட்லிங் சிக்னல்: டெர்ம்
வொர்க்கர் எக்ஸிட்டிங்
ஷட்டிங் டவுன்: மாஸ்டர்
பூவிலை.சர்வீஸ்: ஃபெயில்டு வித் ரிசல்ட் 'டைம்அவுட்'
பூவிலை.சர்வீஸ்: ஷெட்யூல்டு ரீஸ்டார்ட் ஜாப்

ஓணம் வேறு நெருங்குகிறது. கேரளா வண்டிகள் வரிசைகட்டும் நேரத்தில் பலகை இப்படி இருந்தால் முதலாளி என்னைத்தான் மாலையாகக் கட்டுவார்.

கோட்டாறு சந்தை:
சர்வீஸ்களை எழுப்பி மேய்ப்பது சிஸ்டம்டி. அது ஒரு சர்வீஸ் எழுவதற்கு 90 விநாடிதான் கொடுக்கும், அதுதான் டீஃபால்ட். சர்வீஸை எப்படி ஓட்ட வேண்டும் என்று சொல்லும் யூனிட் கோப்பில் டைம்அவுட்ஸ்டார்ட்செக் என்று ஒரு வரி இருக்கும், இல்லாவிட்டால் சேர்த்து இன்ஃபினிட்டி என்று போட்டுவிடுங்கள். மாற்றியதை சிஸ்டம்டி மறுபடி படிக்க ஒரு டீமன்-ரீலோட், அப்புறம் ரீஸ்டார்ட். முடிந்தது.

குலசேகரம் ரப்பர்மரம்:
மக்கா, எங்கள் ரப்பர் ஷீட் விலைப் பக்கத்திலும் இதே மாதிரி ஒன்று வந்தது, அதில் சர்வர் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்தான் காரணம். ஆப் எழும்போதே வெளியே ஒரு சர்வரின் பெயரைத் தேடும், பெயர் கிடைக்காது, ஒரு தடவைக்கு 5 விநாடி காத்திருந்துவிட்டு மறுபடி கேட்கும், ரிசால்வ்.கான்ஃபில் இரண்டு மூன்று நேம்சர்வர் இருந்தால் ஒவ்வொன்றிடமும் இதே கதை. இப்படி நாலைந்து பெயர் சேர்ந்தால் ஒன்றரை நிமிடம் ஒன்றுமே இல்லை. யூனிட்டில் ஆஃப்டர் நெட்வொர்க்.டார்கெட் என்று மட்டும் போட்டிருந்தீர்கள் என்றால் அதை நம்பாதீர்கள். இணையம் வந்துவிட்டது என்று அதற்கு அர்த்தமே இல்லை. நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட் வேண்டும், அதை ஆஃப்டரிலும் போட வேண்டும், வான்ட்ஸிலும் போட வேண்டும்.

ஆரல்காற்று:
ராம் பாருங்கள். இல்லாவிட்டால் கரண்டு. இந்தக் காற்றுக் காலத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் லைட்டு எத்தனை தடவை மின்னுகிறது என்று தோவாளைக்காரருக்கு நான் சொல்லவா வேண்டும். எழும்போது ரேண்டம் எண் உருவாக்கத் தேவையான எண்ட்ரபி போதாமல் நின்றுவிடும் வியாதியும் உண்டு, அதையும் ஒரு கண் பாருங்கள்.

தக்கலை டெர்மினல்:
ஒரு நிமிடம். தம்பி கொடுத்த ஆறு வரியிலேயே பாதி விடை இருக்கிறது. அதை வாசிக்காமல் ஆளாளுக்கு மருந்து எழுதுகிறோம்.

முதலில், 504 இல்லை, 502. பின்னால் இருக்கும் ஆப் மெதுவாகப் பதில் சொன்னால் என்ஜின்எக்ஸ் டீஃபால்ட்டாக 60 விநாடி காத்திருந்துவிட்டு 504 கேட்வே டைம்அவுட் கொடுக்கும். இங்கே 502, அதாவது அந்த நேரத்தில் கதவைத் தட்டினால் திறக்க ஆளே இல்லை. ஆக ஆப் மெதுவாக இல்லை, ஆப் செத்துக் கிடக்கிறது. ஜியூனிகார்னுக்கும் தனியாக 30 விநாடி டைம்அவுட் உண்டு, வொர்க்கர் சிக்கிக்கொண்டால் அதைக் கொல்லும், ஆனால் அப்போது லாகில் வொர்க்கர் டைம்அவுட் என்று பெரிதாக எழுதும். இங்கே இல்லை. ராம் போதாமல் கெர்னல் கொன்றிருந்தால் அது சிக்னல் 9, சொல்லாமல் கொள்ளாமல் போயிருக்கும். இங்கே 'ஹேண்ட்லிங் சிக்னல்: டெர்ம்' என்று மரியாதையாகக் கடையைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறது. கொன்றது சிஸ்டம்டி. ஏன் கொன்றது? 'ஸ்டார்ட் ஆபரேஷன்' டைம்டு அவுட். தம்பி பக்கம் திறக்கிறது என்கிறார், சிஸ்டம்டியோ இன்னும் எழவே இல்லை என்கிறது. சண்டை அங்கேதான் இருக்கிறது.

டிஎன்எஸ் என்றால் அந்த ஒன்றரை நிமிடமும் பக்கம் திறந்திருக்காது. எண்ட்ரபி விஷயமும் அதேதான், அதோடு கெர்னல் 5.6-க்கு அப்புறம் அந்தத் தொல்லை பெரும்பாலும் ஒழிந்துவிட்டது.

தம்பி, ஆப் ஓடிக்கொண்டிருக்கும்போது சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் அடித்து ஆக்டிவ் என்ற வரியில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள். சிஸ்டம்சிடிஎல் கேட் பூவிலை அடித்து முழு யூனிட்டையும் போடுங்கள். டைப் என்ன என்பதுதான் எனக்கு வேண்டும்.

பிச்சிவெள்ளை:
அண்ணே, கோட்டாறு அண்ணாச்சி சொன்ன இன்ஃபினிட்டியை ராத்திரியே போட்டுப் பார்த்தேன். பக்கம் விழுவது நின்றுவிட்டது. ஆனால் காலையில் கரண்டு போய் வந்ததும் டிவி கறுப்பாகவே நிற்கிறது. டிவிக்குத் தனியாக ஒரு கியாஸ்க் சர்வீஸ் உண்டு, பூவிலை எழுந்த அப்புறம்தான் அது எழும். முன்பு தாமதமாகவாவது வந்துகொண்டிருந்தது, இப்போது வரவே இல்லை. சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் அந்தக் கட்டளையும் திரும்பி வராமல் அப்படியே நிற்கிறது. ஆக்டிவ் என்ற வரியில் 'ஆக்டிவேட்டிங்' என்றுதான் இருக்கிறது. யூனிட்:

டைப்=நோட்டிஃபை
எக்ஸெக்ஸ்டார்ட்=பூவிலை கோப்புறையில் இருக்கும் தொடங்கு.எஸ்ஹெச்
ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர்
டைம்அவுட்ஸ்டார்ட்செக்=இன்ஃபினிட்டி

இதெல்லாம் எனக்கு முன்னால் இருந்த பையன் போட்டு வைத்தது, அவன் இப்போது துபாயில்.

வடசேரி பஸ்ஸ்டாண்டு:
சர்வர் எழுதினவன் எல்லாம் எப்போதும் துபாயில்தான் இருப்பான்.

தக்கலை டெர்மினல்:
கிடைத்துவிட்டது. டைப்=நோட்டிஃபை என்றால், 'நான் தயார்' என்று சர்வீஸே சிஸ்டம்டியிடம் ஒரு சாக்கெட் வழியாகச் சொல்ல வேண்டும். ரெடி=1 என்று ஒரு சின்னச் செய்தி. அது வரும்வரை எத்தனை பேர் பக்கத்தைத் திறந்து பார்த்தாலும் சிஸ்டம்டிக்குக் கவலை இல்லை, அதன் கணக்கில் சர்வீஸ் இன்னும் எழுந்துகொண்டே இருக்கிறது. 90 விநாடி ஆனதும் கதை முடிந்தது. கையால் ஓட்டும்போது ஏன் விழவில்லை என்றால் அங்கே செய்திக்காகக் காத்திருக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ரீஸ்டார்ட் ஏன் ஓயாமல் நடந்தது என்பதும் இதிலேயே இருக்கிறது. 10 விநாடிக்குள் 5 தடவை எழுந்து விழுந்தால் சிஸ்டம்டி 'போதும்' என்று நிறுத்திவிடும். இங்கே ஒவ்வொரு தடவையும் ஒன்றரை நிமிடம் எடுத்துச் சாவதால் அந்த வரம்பைத் தொடவே போவதில்லை. ஓணம் முடிந்து தீபாவளி வரை ஓடும்.

இன்ஃபினிட்டி போட்டதும் டிவி போனதும் ஒன்றே. பூவிலை எழுந்த அப்புறம் என்று காத்திருக்கும் கியாஸ்க்குக்கு முன்பு 90 விநாடியில் 'தோற்றது' என்ற பதிலாவது வந்தது, அதை வைத்து எழுந்தது. இப்போது பதிலே இல்லை.

இப்போது கேள்வி: ஜியூனிகார்ன் இந்தச் செய்தியை அனுப்பும் திறன் உள்ளது, பதிப்பு 20 முதல் அனுப்புகிறது, அவர்களுடைய கையேட்டிலேயே டைப்=நோட்டிஃபை என்றுதான் மாதிரி இருக்கிறது. அப்படியானால் செய்தி எங்கே போனது? ஸ்டேட்டஸ் கடைசி 10 வரிதான் காட்டும். முழு லாகும் சிஸ்டம்டியின் ஜர்னலில் இருக்கிறது, ஜர்னல்சிடிஎல் -யு பூவிலை -பி என்று அடித்து, சர்வீஸ் எழுந்த இடத்திலிருந்து படியுங்கள். எரர் என்ற சொல்லை மட்டும் கிரெப் போட்டுத் தேடாதீர்கள், எல்லாவற்றையும் படியுங்கள்.

பிச்சிவெள்ளை:
இருக்கிறது அண்ணே!

லிசனிங் அட்: 127.0.0.1:8000
பூட்டிங் வொர்க்கர்
பூவிலை.சர்வீஸ்: காட் நோட்டிஃபிகேஷன் மெசேஜ் ஃப்ரம் பிஐடி 1432, பட் ரிசெப்ஷன் ஒன்லி பெர்மிட்டட் ஃபார் மெயின் பிஐடி 1429

தக்கலை டெர்மினல்:
அதேதான். சந்தைக் கணக்கில் சொன்னால், சரக்கு இறங்கியாச்சு என்று ஒருவன் வந்து சொல்கிறான், கணக்குப்பிள்ளையோ 'லாரி டிரைவர் வந்து சொன்னால்தான் எழுதுவேன், நீ யார்?' என்று கேட்கிறார். பிஐடி என்பது ஓடும் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் உள்ள எண். சிஸ்டம்டி முதலில் எழுப்பியது 1429, அதுதான் மெயின் பிஐடி, தொடங்கு.எஸ்ஹெச்சை ஓட்டும் பாஷ் ஷெல். பாஷ் பெற்ற பிள்ளைதான் ஜியூனிகார்ன், 1432. தயார் என்று சொன்னது பிள்ளை. டீஃபால்ட்டாக மெயின் பிஐடி சொன்னால்தான் சிஸ்டம்டி காதில் வாங்கும். தொடங்கு.எஸ்ஹெச்சில் ஜியூனிகார்ன் வரிக்கு முன்னால் எக்ஸெக் என்று ஒரு சொல் சேருங்கள். அப்போது பாஷ் தன் இடத்தையே ஜியூனிகார்னுக்குக் கொடுத்துவிட்டு மறைந்துவிடும், பிஐடி அதேதான் இருக்கும்.

கோட்டாறு சந்தை:
அதற்கு ஸ்கிரிப்டைத் தொடவே வேண்டாமே. யூனிட்டில் நோட்டிஃபைஆக்ஸஸ்=ஆல் என்று போட்டால் யார் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளும். ஒரே வரி.

ஆரல்காற்று:
அல்லது டைப்=சிம்பிள் என்று மாற்றிவிட்டால் சத்தமே இருக்காது.

பிச்சிவெள்ளை:
எக்ஸெக் சேர்த்தேன், இன்ஃபினிட்டியை எடுத்தேன், டீமன்-ரீலோட் செய்தேன். அதே செய்தி அப்படியே வருகிறது, எண்தான் மாறியிருக்கிறது. 90 விநாடியில் விழுகிறது. ஸ்கிரிப்டைச் சேமித்தேனா என்று திரும்பவும் திறந்து பார்த்தேன், எக்ஸெக் இருக்கிறது.

தக்கலை டெர்மினல்:
அப்படி ஆகக் கூடாதே.

முட்டம் அலை:
தம்பி, அந்த ஸ்கிரிப்டை முழுசாகப் போடுங்கள், ஒரு எழுத்து விடாமல். ஸ்டேட்டஸில் கீழே சிகுரூப் என்று ஒரு மரம் மாதிரி காட்டும், அதையும்.

பிச்சிவெள்ளை:
சரி அக்கா. முதலில் சூழல் மாறிகள் இருக்கும் கோப்பை சோர்ஸ் செய்கிறது. அப்புறம் மரியாடிபி எழும்வரை பிங் செய்துகொண்டே சுற்றும் ஒரு வைல் லூப். கடைசி வரி: எக்ஸெக் ஜியூனிகார்ன், ஆப் பெயர், பைண்ட் 127.0.0.1:8000, பின்னால் 2>&1, ஒரு பைப் குறி, டீ -ஏ பூவிலை.லாக்.

சிகுரூப் மரத்தில் மேலே பாஷ் தொடங்கு.எஸ்ஹெச், அதன் கீழே ஜியூனிகார்னும் அதன் வொர்க்கர்களும், கடைசியில் டீ.

முட்டம் அலை:
அந்த டீதான், திரையில் வருவதை ஒரு கோப்பிலும் எழுதும் கட்டளை. பைப் குறி வந்துவிட்டால் அந்த வரியில் இருக்கும் ஒவ்வொரு கட்டளைக்கும் பாஷ் தனித்தனியாக ஒரு பிள்ளையைப் பெறும். நீங்கள் எழுதிய எக்ஸெக் அந்தப் பிள்ளைக்குள் நடக்கிறது, பிள்ளைதான் ஜியூனிகார்னாக மாறுகிறது, அம்மா பாஷ் மேலே உட்கார்ந்து இருவரும் முடிக்கட்டும் என்று காத்திருக்கிறது. மெயின் பிஐடி அந்த அம்மாவேதான். அதனால் எக்ஸெக் இருந்தும் இல்லாததும் ஒன்று.

கோட்டாறு அண்ணன் சொன்ன நோட்டிஃபைஆக்ஸஸ்=ஆல் போட்டால் இந்த டைம்அவுட் உண்மையிலேயே போய்விடும், அதை மறுக்கவில்லை. ஆனால் அதற்கு அடியில் இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. ஒரு நாள் காலையில் ஜியூனிகார்ன் நிஜமாகவே எரர் கொடுத்து விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டளை முடியும்போது எக்ஸிட் கோடு என்று ஒரு எண் கொடுக்கும், 0 என்றால் நல்லபடியாக முடிந்தது. பைப் வரியின் எக்ஸிட் கோடு எது? கடைசிக் கட்டளையின் எக்ஸிட் கோடு. கடைசிக் கட்டளை டீ. டீக்கு என்ன குறை, உள்ளே வருவது நின்றதும் சமர்த்தாக 0 கொடுத்துவிட்டு முடித்துக்கொள்ளும். பாஷ் அந்த 0-வைத்தான் சிஸ்டம்டியிடம் கொடுக்கும். சிஸ்டம்டி பார்க்கும், ஓ, வேலை நல்லபடியாக முடிந்தது போல. ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர் என்றுதானே போட்டிருக்கிறீர்கள், ஃபெயிலியரே இல்லையே, எதற்கு எழுப்ப வேண்டும்? பலகை செத்துக் கிடக்கும், ஸ்டேட்டஸில் சிவப்புக்கூட வராது. இப்போதாவது 90 விநாடிக்கு ஒருமுறை கத்தி நம்மை இங்கே வரவைத்தது.

பாஷில் பைப்ஃபெயில் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, அதை வைத்து அந்த 0-வைச் சரிசெய்யலாம். ஆனால் எதற்கு இத்தனை ஒட்டுப் போட வேண்டும்? டீயை எடுத்துவிடுங்கள். ஜியூனிகார்ன் திரையில் எழுதுவதையெல்லாம் ஜர்னல் ஏற்கெனவே வாங்கி வைக்கிறது.

டைப்=சிம்பிள் என்ற யோசனைக்கு: அதில் ப்ராசஸ் பிறந்த உடனே ஆக்டிவ். ஆப் இன்னும் போர்ட்டைத் திறந்திருக்காது, கியாஸ்க் எழுந்து 502 பக்கத்தை டிவியில் பெரிதாகக் காட்டும். பூக்காரர்கள் முன்னால் அது வேண்டாம்.

ஆரல்காற்று:
சரி அக்கா, அப்படியானால் ஸ்கிரிப்டிலேயே சிஸ்டம்டி-நோட்டிஃபை --ரெடி என்று ஒரு வரி போட்டுவிடலாமே?

முட்டம் அலை:
எங்கே போடுவீர்கள்? ஜியூனிகார்ன் வரிக்கு முன்னால் போட்டால் எழும் முன்பே தயார் என்று பொய் சொன்ன மாதிரி. பின்னால் போட்டால் ஜியூனிகார்ன் முடிந்த அப்புறம்தான் அந்த வரிக்கே வரும்.

தக்கலை டெர்மினல்:
டீ இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, நல்ல கண். இதோடு இன்னொன்று. அந்த ஸ்கிரிப்டே தேவையில்லை. சூழல் மாறிகளுக்கு யூனிட்டில் என்விரான்மென்ட்ஃபைல் என்று ஒரு வரி இருக்கிறது. ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள், அந்தக் கோப்பில் எக்ஸ்போர்ட் என்ற சொல் இருந்தால் எடுத்துவிட வேண்டும், இது ஷெல் இல்லை. மரியாடிபிக்காகச் சுற்றும் லூப்புக்குப் பதில் ஆஃப்டர்=மரியாடிபி.சர்வீஸ், வான்ட்ஸ்=மரியாடிபி.சர்வீஸ் போதும். மரியாடிபியும் டைப்=நோட்டிஃபைதான், அது தயார் என்று சொன்ன அப்புறம்தான் உங்கள் சர்வீஸை சிஸ்டம்டி எழுப்பவே தொடங்கும்.

இது ஏன் முக்கியம் என்றால், கரண்டு பட்டென்று போய் வந்தால் மரியாடிபி விட்ட இடத்தைச் சரிபார்க்க நேரம் எடுக்கும். அதற்காகவே அதன் யூனிட்டில் 900 விநாடி கொடுத்து வைத்திருக்கிறார்கள். பெரிய எண் போடுவதே பாவம் என்று நான் சொல்லவில்லை, வேலை இருக்கிற இடத்தில் போட வேண்டும். இன்னும் நல்ல வழி, 'வேலை நடக்கிறது, இன்னும் கொஞ்சம் பொறு' என்று சர்வீஸே நேரம் கேட்பது, சிஸ்டம்டி 236-லிருந்து அதற்கும் ஒரு செய்தி இருக்கிறது. உங்கள் லூப்போ உங்களுடைய 90 விநாடிக்குள் உட்கார்ந்து மரியாடிபிக்காகக் காத்திருந்தது. டீயை எடுத்து எக்ஸெக்கும் சரியாகி எல்லாம் நன்றாக இருக்கும்போதும், என்றாவது ஒரு கரண்டு வெட்டுக்கு அப்புறம் இதே டைம்அவுட் திரும்ப வந்திருக்கும்.

ஆரல்காற்று:
முதலாளியிடம் சொல்லி ஒரு யூபிஎஸ்ஸும் வாங்குங்கள். இதை ஒரு காற்றாலைக்காரன் சொல்கிறேன் என்பதை மறந்துவிடுங்கள்.

குலசேகரம் ரப்பர்மரம்:
இதைப் படித்துவிட்டு எங்கள் யூனிட்டையும் திறந்து பார்த்தேன். அதிலும் டீ இருக்கிறது, டைப் சிம்பிள் என்பதால் கத்தாமல் இருந்திருக்கிறது. மெயின் பிஐடி பாஷ்தான். போன மழையில் ஷீட் விலை பழையதாகவே நின்றது, ஆளாளுக்கு போன் பண்ணினார்கள், ஸ்டேட்டஸில் ஒரு எரரும் இல்லை. இன்ஆக்டிவ் டெட் என்று மட்டும் இருந்தது, யாரோ கையால் நிறுத்தியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டோம்.

முட்டம் அலை:
அதே 0-தான் அங்கேயும்.

பிச்சிவெள்ளை:
முடிந்தது! தொடங்கு.எஸ்ஹெச்சைத் தூக்கிவிட்டேன். இப்போது யூனிட்:

ஆஃப்டர்=மரியாடிபி.சர்வீஸ்
வான்ட்ஸ்=மரியாடிபி.சர்வீஸ்
டைப்=நோட்டிஃபை
என்விரான்மென்ட்ஃபைல்=பூவிலையின் சூழல் கோப்பு
எக்ஸெக்ஸ்டார்ட்=விர்ச்சுவல்என்வ்-க்குள் இருக்கும் ஜியூனிகார்னின் முழுப் பாதை, பின்னால் அதே பைண்ட்
ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர்

டைம்அவுட் வரியே இல்லை, டீஃபால்ட் 90-தான். ஸ்டார்ட் கொடுத்ததும் கண் இமைக்கும் நேரத்தில் 'ஆக்டிவ், ரன்னிங்' என்று பச்சையில் வந்துவிட்டது. மரத்தில் மேலே ஜியூனிகார்ன், கீழே அதன் வொர்க்கர்கள், வேறு யாரும் இல்லை. முட்டம் அக்கா சொன்னதைச் சோதிக்க மெயின் பிஐடியை கில் -9 போட்டுக் கொன்று பார்த்தேன், உடனே எழுந்து நின்றது. சந்தை முடிந்த அப்புறம் மெயின் சுவிட்சையே அணைத்துப் போட்டும் பார்த்தேன். மரியாடிபி கொஞ்சம் யோசித்தது, அப்புறம் ஆப், அப்புறம் டிவி, வரிசையாக வந்தன. பிச்சி விலையைப் பார்த்து இரண்டு பேர் திட்டினார்கள், ஆக பலகை வேலை செய்கிறது.

தக்கலை அண்ணனுக்கும் முட்டம் அக்காவுக்கும் ஆளுக்கு ஒரு முழம் பிச்சி கடன்.

வடசேரி பஸ்ஸ்டாண்டு:
ஓணம் விலையில் ஒரு முழமா? ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் அக்கா.

பிச்சிவெள்ளை:
கடைசியாக ஒரு சந்தேகம். அந்த டீ எழுதி எழுதி பூவிலை.லாக் கோப்பு பூதம் மாதிரி வளர்ந்து டிஸ்கில் உட்கார்ந்திருக்கிறது. அழித்துவிடலாமா? இனி ஜர்னலும் இதே மாதிரி வளருமா?

முட்டம் அலை:
அழிக்கலாம், இப்போது அதைத் திறந்து வைத்திருப்பவர் யாரும் இல்லை. கடைசி ஆயிரம் வரியை மட்டும் வேறு கோப்பில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பழைய விலைத் தகராறு எதற்காவது கேட்பார்கள். ஜர்னல் அப்படி வளராது, டிஸ்கில் பத்து சதவீதம், அதிகபட்சம் 4 ஜிபி என்று தானே நிறுத்திக்கொண்டு பழையதைக் கழித்துவிடும். உங்கள் டிஸ்க் சின்னது என்றால் ஜர்னல்டி.கான்ஃபில் சிஸ்டம்மேக்ஸ்யூஸ்=500எம் என்று போட்டு, சிஸ்டம்டி-ஜர்னல்டியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.